சைக்கிளில் 'கிறுக் கிறுக்' சத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது?

மேட்டில் ஏறும்போது 'கிறுக்... கிறுக்...' என்று ஒரு சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் சத்தமும் நிற்கிறது. இறங்கிக் குனிந்து பார்த்தால் எதுவும் கழன்றிருப்பதாகத் தெரியவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டும் போகவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் ஏறி ஒரு சுற்று சுற்றிவரும் நேரம் பார்த்து அது வாயே திறக்காது. சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் என்றாவது வருகிற தொல்லைதான்.

இதில் காசு வீணாவதற்கு முக்கியக் காரணம், காது காட்டும் இடத்தை நம்பிவிடுவது. சைக்கிளின் ஃபிரேம் உள்ளே வெறுமையான குழாய்களால் ஆனது. ஓரிடத்தில் பிறக்கும் அதிர்வு அந்தக் குழாய்கள் வழியே ஓடி இன்னோரிடத்தில் கேட்கும். சீட்டுக்கு அடியில் வரும் சத்தம் இரண்டு பெடலுக்கும் நடுவிலிருந்து வருவதுபோல இருக்கும். ஹேண்டில்பாரில் வருவதும் அப்படி ஏமாற்றும். இரண்டு பெடலுக்கும் நடுவிலுள்ள அச்சையும் பேரிங்கையும் புதிதாக மாற்றிவிட்டு, மறுநாள் அதே சத்தத்தோடு கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சீட்டைத் தாங்கும் கம்பமான சீட் பில்லரை உருவித் துடைத்துக் கிரீஸ் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதனால், எங்கே வருகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சத்தம் பிறக்கும் விதம்

சைக்கிளில் சுழல வேண்டியவை சில பாகங்கள்தான்: சக்கரம், பெடல், கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை), செயின், ஹேண்டில். மற்றதெல்லாம் ஒன்றோடொன்று இறுகி அசையாமல் இருக்க வேண்டியவை. சீட் பில்லர் குழாய்க்குள் அசையக் கூடாது. கிராங்க் தன் அச்சின்மேல் அசையக் கூடாது. பெடலின் மரை கிராங்கின் மரைக்குள் அசையக் கூடாது. நாம் தேடும் 'கிறுக்' பெரும்பாலும் இந்த அசையக் கூடாத இடங்களிலிருந்துதான் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை அசைவு போதும்.

அவ்வளவு சிறிய அசைவு ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது? பள்ளிக்கூடத்தில் படித்த நிலை உராய்வும் இயக்க உராய்வும்தான் காரணம். ஒட்டி நிற்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தொடங்க அதிக விசை வேண்டும்; நகர்ந்துவிட்டால் குறைந்த விசையே போதும். நீங்கள் பெடலை அழுத்த அழுத்த இணைப்பில் விசை ஏறுகிறது, பரப்புகள் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டென்று வழுக்குகின்றன. வழுக்கியதும் விசை இறங்கிவிடுகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதும் வழுக்குவதுமாக இது நொடிக்குப் பல நூறு முறை நடந்தால் நமக்குக் 'கிறீச்' என்று கேட்கிறது. வீட்டு ஊஞ்சலின் கொக்கி முனகுவதும் இதே கதைதான்: வெறும் பலகையை ஆட்டினால் அவ்வளவாகச் சத்தம் வராது, ஆள் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கும், கொக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும்.

கடைக்காரர் ஓட்டும்போது சத்தம் ஏன் வருவதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அவர் சமதரையில் மெதுவாக ஒரு வட்டம் அடிக்கிறார்; இணைப்பு வழுக்கும் அளவுக்குப் பாரம் ஏறுவதே இல்லை. மேடு இருக்கும் தெருவுக்கு அவரை அனுப்புங்கள், அல்லது பிரேக்கை லேசாகப் பிடித்தபடி அழுத்தி மிதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு தடயம் மழை. நனைந்ததும் சத்தம் காணாமல் போய், காய்ந்த பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது என்றால் உலர்ந்துபோன ஓர் இணைப்பு எங்கோ இருக்கிறது. இடுக்கில் புகுந்த தண்ணீர் கொஞ்ச நேரம் எண்ணெயின் வேலையைச் செய்தது. போகும்போது மிச்சம் இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு துருவை வைத்துவிட்டுப் போகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது சீக்கிரமே நடக்கும்.

ஆக, காரணங்கள் மூன்றுதான்: தளர்ந்திருக்கிறது, உலர்ந்திருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. மூன்றாவது அபூர்வம், ஆனால் ஆபத்து. அதைக் கடைசியில் பார்ப்போம். முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பிரித்து, துடைத்து, கிரீஸ் தடவி, சரியான அளவு இறுக்குவது. புதுப் பாகம் வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சத்தத்தின் குணத்தையும் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'கிறுக்' என்றால் மேலே சொன்னது. விடாமல் 'கீச் கீச்' என்று குருவி கத்துவதுபோல் வந்தால் செயின் காய்ந்திருக்கிறது. 'டக்' என்று ஒரே அடியாக விழுந்து, காலிலும் அது தெரிந்தால், இணைப்பில் நன்றாகவே ஆட்டம் இருக்கிறது. கையால் சுற்றும்போது 'கரகர' என்றால் பேரிங்கின் குண்டுகளான பால்ரஸ் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே மண் போயிருக்கிறது. மிதிக்காமல் போகும்போது பின்சக்கரத்தில் வரும் 'டிக் டிக் டிக்' அங்குள்ள பல்சக்கரமான ஃப்ரீவீலின் இயல்பான சத்தம். அதை நிறுத்தப் போக வேண்டாம்.

எப்போது வருகிறது?

போக்குவரத்து இல்லாத தெருவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்தையும் சில்லறையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், பல சத்தங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கொஞ்சம் வேகம் எடுத்து, மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருள விடுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் பெடல், கிராங்க், செயின் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சக்கரம், பிரேக், மட்கார்டு, கேரியர், சீட் இவைதான் மிச்சம். உருளும்போது நின்றுவிட்டால், மிதிக்கும் விசைக்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

அடுத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். உட்கார்ந்தால் வந்து, எழுந்தால் போகிறது என்றால் சீட்டோ சீட் பில்லரோதான். வேறெங்கும் தேட வேண்டாம். எழுந்து நின்றால்தான் வருகிறது என்றால் ஹேண்டில்பாரைச் சந்தேகப்படுங்கள். நின்று மிதிக்கும்போது நம்மை அறியாமல் கையால் ஹேண்டிலை மாறி மாறி இழுக்கிறோம்.

மூன்றாவது, எண்ணிப் பார்ப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்த சோதனை, ஏனென்றால் எந்தக் கருவியும் வேண்டாம். முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் சுமார் 2.4 முறை சுற்றும். செயினில் 110 கண்ணிகள் இருந்தால், செயின் முழுதாக ஒரு சுற்று வர பெடல் இரண்டரை முறை சுற்ற வேண்டும். இப்போது வலது கால் கீழே போவதைக் கணக்காக வைத்துச் சத்தத்தை எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, காலின் ஒரே இடத்தில் வந்தால் பெடல், கிராங்க், அல்லது இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் நடு அச்சு. இரண்டரை சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி மடங்க மறுக்கிறது. ஒரு மிதிக்கு இரண்டு மூன்று முறை வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். உங்கள் சைக்கிளின் பற்களை ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இறங்கி நின்றும் சோதிக்கலாம். முன் பிரேக்கை இறுகப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு இரண்டு பெடலையும் தரைக்குச் சமமாக வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலைக் காலால் அழுத்தி விடுங்கள், அடுத்து மற்றது. சத்தத்தை இப்படி நின்ற இடத்திலேயே வரவழைத்துவிட்டால் வேலை சுலபம். ஒருவர் அழுத்தட்டும், இன்னொருவர் இரண்டு பாகங்களும் சேரும் கோட்டின்மேல் விரலைக் குறுக்காக வைத்துப் பார்க்கட்டும். காது ஏமாந்தாலும் விரல் நுனி ஏமாறாது. சத்தம் வரும் அதே கணத்தில் விரலுக்கடியில் ஒரு சின்ன துடிப்பு தெரியும் இடம்தான் ஆள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இணைப்பின்மேல் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. அதுவும் நன்றாகவே வேலை செய்யும். சக்கரம் சுழலாமல் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

சீட்டும் சீட் பில்லரும்

இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், செலவு ஏதும் இல்லை, கெடுதலும் இல்லை. பில்லர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தளர்த்தி, பில்லரை இடமும் வலமும் திருகியபடி மேலே உருவுங்கள். ஓராண்டாக எடுக்காத பில்லர் என்றால் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும்: உள்ளே இருந்த பகுதியில் கறுப்பு அழுக்கும், இரும்பாக இருந்தால் செங்கல்பொடி நிறத்தில் துருவும், அலுமினியமாக இருந்தால் வெண்ணிறத்தில் மாவு படிந்ததுபோல் ஒரு பூச்சும் இருக்கும். சில இடங்கள் மட்டும் கண்ணாடிபோல் பளபளக்கும். அங்கேதான் உரசிக்கொண்டிருந்தது.

பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் துடையுங்கள். அதே துணியை ஸ்க்ரூடிரைவரில் சுற்றி, குழாயின் உட்புறத்தையும், கழுத்தில் இருக்கும் வெட்டின் ஓரங்களையும் துடைக்க வேண்டும். கிளாம்பைக் கழற்றி அதன் உட்புறத்தையும் துடையுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அது. காய்ந்ததும் பில்லரில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி இறக்குங்கள். பில்லரில் கோடு போட்டுக் குறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழம் குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். ஃபிரேமோ பில்லரோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது. அதற்கென்று மணல்போல் நறநறக்கும் தனிப் பசை விற்கிறார்கள், அதைத்தான் போட வேண்டும்.

அப்படியும் சத்தம் நிற்கவில்லையென்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் பிரித்து இதே வேலையைச் செய்யுங்கள். பழைய கறுப்பு சைக்கிள்களில் ஸ்பிரிங் வைத்த சீட் இருக்கும். அந்த ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய். அந்த சீட்டுகள் முழுதாக அமைதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெடல், கிராங்க், நடு அச்சு

மிதிக்கும்போது மட்டும், சுற்றுக்கு ஒருமுறை வரும் சத்தத்துக்கு இங்கே மூன்று சந்தேக நபர்கள். வெளியிலிருந்து உள்ளே போவது நல்லது.

பெடலை கிராங்கிலிருந்து கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு: இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற போல்ட் எல்லாம் இடப்பக்கம் சுற்றினால் கழலும், இது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பக்கமாக இருந்தாலும், ஸ்பேனரை மேலே நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். கழற்றியதும் இரண்டு மரைகளையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே மாட்டுங்கள். கோணலாக ஏறினால் அலுமினிய கிராங்கின் மரை போய்விடும். கடைசியில் நன்றாக இறுக்க வேண்டும், சுமார் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் வரும் அழுத்தம் அது. அதாவது, கை வலிக்கும் அளவுக்கு.

பெடலுக்குள்ளேயே பால்ரஸ் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும். கழற்றிய பெடலின் அச்சை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ கரகரத்தாலோ, அதிக விலையில்லாத பெடலுக்கு உட்கார்ந்து ரிப்பேர் செய்வதைவிடப் புதுசு போடுவது மேல்.

அடுத்தது கிராங்க். நம் ஊரில் இங்கேதான் விஷயம் அதிகம். பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளிலிருந்து பால்காரர் ஓட்டும் கனமான சைக்கிள் வரை, பெரும்பாலானவற்றில் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின். சுண்டுவிரலைவிடச் சிறிய இரும்பு ஆணி, ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். சீவிய பக்கம் அச்சிலுள்ள தட்டையான வெட்டோடு ஒட்டி உட்கார்ந்து, ஆப்புபோல் இறுகி நிற்கும். மிதிக்கிற பலம் அத்தனையும் அந்த ஆணி வழியாகத்தான் போகிறது. அது தளர்ந்தால் சுற்றுக்கு ஒரு 'டக்'. கால் ஒரு கணம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் இருக்கும்.

சந்தேகம் இருந்தால், இறங்கி நின்று இரண்டு கிராங்கும் சமமாக இருக்கும்படி வைத்து இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கையால் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்று சுற்றி மறுபடி அழுத்துங்கள். ஏதாவது ஒரு பக்கம் துளி இறங்கினால் பின் தளர்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் சீவிய பரப்பின் குறுக்கே, அச்சின் விளிம்பு பதிந்து பளபளவென்று ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் விழுந்த பின்னை மறுபடி அடித்து இறக்கிப் பயனில்லை. புதுசு மலிவான பொருள், அதே விட்டத்தில் வாங்கிப் போடுங்கள்.

காட்டர் பின் போடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நட்டைத் திருகி அதை உள்ளே இழுக்கக் கூடாது, மரை அறுந்துவிடும். சுத்தியலால் தடித்த முனையில் அடித்து உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்த மரையில் நட்டை இறுக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் தரை வரை எட்டும் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். பின்னின் மரை முனை குழாயின் ஓட்டைக்குள் இருக்கும். அடியின் அதிர்வு குழாய் வழியே தரைக்குப் போகும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கும் பால்ரஸுக்கும் அவை உட்காரும் கப்புக்கும் விழும். ஒரு சத்தத்தை நிறுத்தப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள். இரண்டு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் போட வேண்டும், அப்போதுதான் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கையில் கனமான சுத்தியலும் பழக்கமும் இல்லையென்றால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கியர் சைக்கிள்களில் காட்டர் பின் இருக்காது. பலவற்றில் சதுர முனை அச்சின்மேல் அலுமினிய கிராங்க் ஏறி, நடுவில் ஒரு போல்ட்டால் இறுகியிருக்கும். இதற்கும் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். தளர்ந்தது தெரிந்த பிறகும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஓட்டினால், இரும்பு அச்சு அலுமினியத்தின் சதுரத் துளையை உருட்டிவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். செயின் வீலைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகளையும் இதே கையோடு கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். நடு அச்சில் வருவதுபோலவே சத்தம் போட்டு ஏமாற்றுவதில் இவை கெட்டிக்காரர்கள்.

கடைசியாக நடு அச்சு. செயினை செயின் வீலிலிருந்து இறக்கிவிட்டு கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், இன்னொரு கையை சீட் குழாயின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கரகரப்பு கைக்குத் தெரியும். கிராங்கை ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுத்தால் ஆட்டமும் தெரியும். சாதாரண சைக்கிளில் இதன் உள்ளே பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ரஸ்கள் இருக்கும். முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும் ஓவராயில் வேலையின்போது பழையதைக் கழுவிப் போடாமல் மொத்தமாகப் புதுசு போடச் சொல்லுங்கள்; மொத்த வேலையில் மிகவும் மலிவான பகுதி அதுதான். கப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் கப்பையும் மாற்ற வேண்டும்.

விலை உயர்ந்த சைக்கிளில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்க வேண்டாம். மரை வைத்த கப்புக்குப் பதிலாகப் பேரிங்கை ஃபிரேமுக்குள் நேராக அழுத்திப் பொருத்தும் முறை 2000-க்குப் பிறகு பந்தய சைக்கிள்களில் பரவியது. எடை குறைந்தது. துளையின் அளவு கொஞ்சம் பிசகினாலும் பேரிங் உள்ளே அசைந்து கிறீச்சிட்டது. ஓட்டுநர்களின் புலம்பல் தாங்காமல் சில நிறுவனங்கள் மறுபடி மரைக்கே திரும்பின. 2020-இல் வந்த, ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் டார்மாக் எஸ்.எல்.7 என்ற பந்தய சைக்கிள் அப்படிப்பட்டது.

செயின்

செயினில் எண்ணெய் போக வேண்டிய இடம் உருளைகளின் உள்ளே. வெளியே பளபளவென்று எண்ணெய் வழிந்தால் தூசியைப் பிடித்துக் கறுப்புக் களிம்பாகி, செயினையும் பல்லையும் அரைக்கும். முதலில் துணியால் அழுக்கைத் துடையுங்கள், ரொம்ப மோசமாக இருந்தால் மண்ணெண்ணெயில் பிரஷால் தேய்த்துக் காய விடுங்கள். ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, வெளியே இருப்பதையெல்லாம் துடைத்தெடுங்கள்.

எந்த எண்ணெய்? சைக்கிள் செயினுக்கென்று விற்பது நல்லது. தையல் மிஷின் எண்ணெய் மெல்லியது, ஓடும், ஆனால் அடிக்கடி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் செயின் விறைத்துக்கொள்ளும், நாளாக ஆகப் பிசுபிசுப்பாகிவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதில் இருப்பதே இரும்புத் துகளும் கரியும்தான். டபிள்யூ.டி-40 அடித்தால் உடனே சத்தம் நிற்கும், அதனாலேயே பலருக்கு அதன்மேல் மோகம். 1953-இல் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவான திரவம் அது; செயினில் நீடித்து நிற்கும் வழவழப்பை அந்தச் சாதாரண டப்பாவிடம் எதிர்பார்க்க முடியாது. நடு அச்சுக்கும், சக்கரத்தின் மையமான ஹப்புக்கும் உள்ளே அடித்தால் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

செயின் நீண்டுவிட்டதா என்று ஒரு ஸ்கேலை வைத்தே பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை புது செயினில் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால், கியர் சைக்கிளில் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பின் பற்களும் சேர்ந்து போயிருக்கும்.

சக்கரமும் ஹேண்டிலும்

ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். தளர்ந்தது தனியாகத் தெரியும். தளர்ந்த கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் உரசி 'டிங்', 'டிக்' என்று சத்தம் போடும். குறுக்கிடும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள், போய்விட்டால் அதுதான். ஆனால் அது மருந்தல்ல, சோதனைதான். சக்கரத்தைக் கோட்டம் எடுக்கக் கொடுக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் அச்சு நட்டுகளையும் கவனியுங்கள். நட்டும் ஃபிரேமும் தொடும் இடம் துருவேறி இருந்தால், கழற்றித் துடைத்துத் துளி கிரீஸ் வைத்து இறுக்கினால் அடங்கும்.

பிரேக் போடும்போது மட்டும் அலறினால் அதுவும் ஒட்டி வழுக்கும் அதே சங்கதிதான். ரிம்மைத் துடையுங்கள், பிரேக் கட்டையின் மினுமினுப்பான முகத்தை உப்புக்காகிதத்தால் தேய்த்துவிடுங்கள், கட்டையின் முன்முனை மற்ற பகுதியைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி திருப்பி வையுங்கள். இங்கே மட்டும் எண்ணெய் பக்கமே போகக் கூடாது.

ஹேண்டில்பார் சத்தம் போட்டால் கிளாம்பைப் பிரித்து, வியர்வை உப்பைத் துடைத்து, மறுபடி மாட்டுங்கள். கியர் சைக்கிள்களில் இந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் போதும், 10 செ.மீ. நீள ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ. பெடலுக்குப் போட்ட பலத்தை இங்கே போட்டால் போல்ட் அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, சத்தம் அப்படியே இருக்கிறது என்றால் சில்லறை ஆசாமிகளைத் தேடுங்கள். கிராங்கில் தட்டும் ஷூ லேஸ் நுனி. கியர் கேபிளின் நீண்டுபோன வால். தண்ணீர் பாட்டில் மாட்டும் கூடு. கேரியரின் ஒரு நட்டு. செயின் கவரின் நசுங்கிய ஓரம். பெல்லின் மூடி. தினமும் இருபது ரூபாய்க்கு எண்ணெய் வாங்கி ஊற்றியதெல்லாம் ஒரு மட்கார்டு திருகுக்காக என்று கண்டுபிடிக்கும்போது வரும் கோபம் தனி.

நிறுத்தி இறங்க வேண்டிய சத்தம்

துடைத்து, கிரீஸ் போட்டு, இறுக்கிய பிறகும் ஒரு 'கிறுக்' போகவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் விரிசலைத் தேட வேண்டும். சைக்கிளை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: நடு அச்சைச் சுற்றிய வெல்டிங், ஹேண்டில் நுழையும் குழாய்க்குக் கீழ்ப்புறம், சீட் குழாயின் வெட்டு முடியும் இடம், பின் அச்சைப் பிடித்திருக்கும் தகடுகள், கிராங்கில் பெடல் மாட்டும் கண், ஹேண்டில்பாரைக் கிளாம்ப் பிடிக்கும் ஓரம். பெயின்டில் மயிர்போல் ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து கசியும் துரு, அல்லது ஒரே இடத்தில் பெயின்ட் உப்பி நிற்பது, இவையெல்லாம் அறிகுறி. நகத்தை அதன்மேல் குறுக்காக ஓட்டினால் விரிசலில் நகம் தட்டும்; வெறும் கீறலில் அவ்வளவாகத் தட்டாது. இரும்பு ஃபிரேம் பெரும்பாலும் முன்கூட்டியே முனகிக் காட்டும், வெல்டிங் செய்யவும் முடியும். அலுமினியமும் கார்பனும் திடீரென்று விட்டுவிடக் கூடியவை. ஹேண்டில்பாரிலோ முன் ஃபோர்க்கிலோ விரிசல் கண்டால் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கடைக்குப் போவதென்று முடிவானால், 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். 'உட்கார்ந்து மிதிச்சா வருதுண்ணே, நின்னு மிதிச்சாலும் வருது, சும்மா உருண்டா இல்ல. இடது கால் கீழ போறப்ப மட்டும், சுத்துக்கு ஒரு தடவை. பெடலைக் கழட்டி கிரீஸ் போட்டாச்சு' என்று சொன்னால் அவர் நேராக இடது கிராங்குக்குத்தான் கையைக் கொண்டுபோவார். புது காட்டர் பின்னோ கிராங்க் போல்ட்டோ போட்டிருந்தால், ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே கடைக்கு மறுபடி போய் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்டவை பாரம் ஏறியபின் கொஞ்சம் உள்ளே உட்காரும். அந்த இரண்டாவது இறுக்கலுக்குப் பெரும்பாலான கடைக்காரர்கள் காசு வாங்குவதில்லை.